பின்சீட்டில் இரண்டு மூட்டை

அத்தியாயம் 14

கோவில்பட்டியில் காரில் ஆள் போவதைப் பார்த்திருக்கிறோம். அவசரத்துக்கு ஆடு போனதைக்கூடப் பார்த்தவர்கள் உண்டு. பருத்திக்கொட்டை மூட்டை இரண்டைப் பின்சீட்டில் மனிதரைப்போல உட்கார வைத்து, காலையும் மாலையும் எட்டயபுரம் ரோட்டில் உலாத்திக் காட்டிய ஒரே ஆள் நம் ஷம்சுல் ஆலம்தான்.

“என்ன பாய், பின்னால சம்பந்தியம்மாவா?” என்று ஊர் கேட்டது. “ஆமா, பக்கத்துல இருக்கது மக” என்று அவரும் பதில் சொன்னார். ஊர் அதை வேடிக்கை என்று நினைத்தது. அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. இன்றைக்குப் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை.

ஷம்சுல் ஆலத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ரயில் நிலையத்து வாசலில் வாடகைக்கு ஓட்டும் பழைய சின்னக் கார் ஒன்று, பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்று, குளத்தூரில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் ஜரினா. இவ்வளவுதான் அவருக்கு. மனைவி தௌலத் பேகம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள்.

ஜரினாவுக்கு இது தலைப்பிரசவம். ஏழாம் மாதம் பிறந்ததும் வழக்கப்படி வாப்பா வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அழைக்கப் போன மனிதரை மாமியார் பாத்திமுத்து வாசலிலேயே மறித்து, “இந்த ஒடசல் வண்டியில என் மருமகளை ஏத்த மாட்டேன்” என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. நோன்புப் பெருநாளுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, ஓடைத் தரைப்பாலத்துப் பள்ளத்தில் கார் விழுந்து எழுந்ததில் ஜரினாவுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் எழுந்திருக்காமல் கிடந்தாள்.

வேறு வண்டி பிடித்துக்கொண்டு போகக்கூடாதா என்று கேட்பீர்கள். பிழைப்புக்குக் கார் ஓட்டுகிறவன் பெற்ற பிள்ளையை அடுத்தவன் காரிலா அழைத்து வருவான்? அந்த ரோஷத்துக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது.

வீட்டை வெள்ளையடித்தார். தொட்டிலுக்குக் கொக்கி மாட்டினார். பக்கத்து வீட்டு வெயிலம்மாளிடம் சமையலுக்குச் சொல்லி வைத்தார். பாக்கி இருந்தது கார் மட்டும்தான்.

அந்தப் பாக்கி இந்த வியாழக்கிழமை காலையில் தீர வேண்டும்.

கோபாலசாமியின் பட்டறை பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஆனிக் காற்று கரிசல் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து கொட்டிக்கொண்டிருந்தது. கோபாலசாமி தலைத்துண்டை வாயோடு சேர்த்துக் கட்டியிருந்தார். சின்னக் காரின் வலது முன்சக்கரம் கழற்றப்பட்டு ஓரமாகக் கிடந்தது.

“ஏமி பாய், விடியுமுன்னே வந்து நிக்குதீங்க? ராத்திரி தூங்கலையா?”

“தூங்கினேன், தூங்கினேன். இன்னைக்குப் பத்து மணிக்குள்ள கெளம்பணும் கோபாலு.”

“கெளம்பலாம். மொதல்ல தள்ளி நில்லுங்க. ஸ்பிரிங்கு எகிறினா மூஞ்சி இருக்காது.”

அந்தக் காரின் சூட்சுமம் முன்சக்கரங்களுக்கு மேலே இருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய்கள். குழாய்க்குள் எண்ணெய், குழாயைச் சுற்றித் தடித்த ஸ்பிரிங். பள்ளத்தில் விழும் அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு வண்டி துள்ளிக்கொண்டே போகாமல் உள்ளே இருக்கிற எண்ணெய் பிடித்து நிறுத்தும். பட்டறையில் மொத்தத்துக்கும் ஷாக் என்றுதான் பேர்.

ஷம்சுல் ஆலம் முதல் வாரம் பட்டறைக்கே வரவில்லை. தானே குழாயைத் திறந்து, ஒழுகிப்போன எண்ணெய்க்குப் பதிலாக விளக்கெண்ணெயை ஊற்றி மூடிவிட்டார். கெட்டியான எண்ணெய், ஒழுகாது என்பது அவர் கணக்கு. காலையில் கார் கட்டை வண்டியாக விறைத்துக்கொண்டு போனது. மத்தியான வெயிலில் எண்ணெய் இளகி, போன மாதத்தைவிட அதிகமாகக் குதித்தது. போதாக்குறைக்கு ஒழுகவும் செய்தது.

அதற்குப் பிறகுதான் கோபாலசாமியிடம் வந்தார். அவர் ஒன்றும் கேட்காமல் முன் மட்கார்டை இரண்டு கையாலும் அமுக்கி விட்டுப் பார்த்தார். ஒரு தடவை எழும்பி நிற்க வேண்டிய வண்டி நாலு தடவை ஆடியது.

“ரெண்டும் போச்சு பாய். வலது பக்கம் ஸ்பிரிங்கும் ரெண்டு விரக்கடை எறங்கிக் கெடக்கு. வருசக்கணக்கா ஒத்த ஆள் மட்டும் ஒக்காந்து ஓட்டின வண்டி மாதிரில்லா இருக்கு. வாடகை வண்டிதானே இது?”

வாடகைக்குப் போகாத நேரத்திலும் அவர் அந்தக் காரில்தான் உட்கார்ந்திருந்தார் என்பதைக் கோபாலசாமி எப்படி அறிவார்? ராத்திரிச் சாப்பாட்டைக்கூட ஸ்டியரிங்குக்கு முன்னால் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குள் போவார். ஷம்சுல் ஆலம் கண்ணாடிப் புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வலது பக்கத்தை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டுப் பார்த்தார். கோபாலசாமி சிரித்துவிட்டார்.

“ஒத்தப் பக்கம் மாத்தினா வண்டி ஒரு பக்கமா இழுக்கும் பாய். பள்ளத்துல ஒரு சக்கரம் நிக்கும், ஒரு சக்கரம் குதிக்கும். மாத்துனா ரெண்டையும் மாத்தணும். இல்லேன்னா தொடவே கூடாது.”

கப்பலில் வந்த வண்டிக்குச் சாமான் சட்டென்று கிடைக்குமா? மதுரைக்கு இரண்டு நடை போனார். மூன்றாம் நடையில், மரம் விழுந்து பின்பக்கம் நொறுங்கிப்போன அதே ரகக் கார் ஒன்று கிடைத்தது. அதன் முன்னங்குழாய் இரண்டும் ஸ்பிரிங்கோடு பழுதில்லாமல் இருந்தன. அவற்றுக்குப் புதுச் சீல் போட்டு, சரியான எண்ணெயை அளந்து ஊற்றி, செவ்வாய்க்கிழமை இடது பக்கத்தை முடித்தார்கள். இன்றைக்கு வலது பக்கம்.

கோபாலசாமி இரும்புக் கொக்கிகளை ஸ்பிரிங்கின் இரண்டு பக்கமும் மாட்டி, நீளப் போல்ட்டுகளை மாற்றி மாற்றி முடுக்கினார். இந்தப் பக்கம் நாலு சுற்று, அந்தப் பக்கம் நாலு சுற்று. ஒரு பக்கம் முந்தினால் கொக்கி நழுவும். ஸ்பிரிங் முனகிக்கொண்டே சுருங்கியது.

“மக வந்ததும் எத்தனை நாள் இருக்கும் பாய்?”

“பிள்ளை பெத்து நாப்பது நாள் கழியணும். மூணு மாசம், நாலு மாசம் ஆகும்.”

இதைச் சொல்லும்போது ஷம்சுல் ஆலத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாலு மாதம் என்பதை நாற்பது வருஷம் என்பது போலச் சொன்னார்.

குழாயை மட்கார்டுக்கு அடியில் நிமிர்த்தி, மேலே மூன்று நட்டுகளை மாட்டி, கீழே சக்கரத்தோடு பிணைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்து, ஜாக்கியை இறக்கினார்கள். கோபாலசாமி மட்கார்டை ஓங்கி அமுக்கி விட்டார். வண்டி ஒரு தடவை எழும்பி, நின்றது.

“போங்க பாய். பிள்ளைய பத்திரமா கூட்டிட்டு வாங்க. வரும்போது இந்த நட்டு மூணையும் ஒருக்கா முடுக்கிக்கிடுவோம்.”

பின்சீட்டில் ஆள் பாரத்துக்கு வைத்து ஓட்டிப் பார்த்த மூட்டைகளை இறக்கிப் பட்டறையில் போட்டுவிட்டு, சீட்டைத் துணியால் இரண்டு தடவை துடைத்தார். இரண்டு தலையணை வைத்தார். ஒரு பொட்டலம் சேவும் ஒரு பொட்டலம் கடலை மிட்டாயும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எட்டயபுரம் வரைக்கும் தார் ரோடு. விளாத்திகுளம் தாண்டியதும் மாட்டு வண்டிச் சக்கரம் போட்ட தடம் கரிசலில் காய்ந்து இறுகிக் கிடந்தது. மழையில் சேறாகப் பிடித்து இழுக்கிற மண், கோடையில் பாளம் பாளமாக வெடித்து ஆளையே போட்டு உலுக்கும். கார் அதில் இறங்கியது, ஏறியது, அடுத்த பள்ளத்துக்குள் அலுங்காமல் நிதானமாக இறங்கியது.

ஓடைத் தரைப்பாலம் வந்தது. ஷம்சுல் ஆலம் பிஸ்மி சொல்லிக்கொண்டு பள்ளத்தில் விட்டார். வண்டி அமுங்கி, ஒரு தடவை எழும்பி, அமைதியானது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல வேளையாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை உடைமரம் தவிர யாரும் இல்லை. மனிதர் தாராளமாக அழுதுவிட்டுப் போனார்.

குளத்தூரில் கார் நின்றபோது பாத்திமுத்து வாசலில் உட்கார்ந்து சிறு இரும்பு உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். அவளும் கணவனை இழந்தவள்தான். பல் போய்விட்டது, குரல் போகவில்லை. மகன் முத்து முகம்மது உப்பளத்தில் மேஸ்திரி. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவான்.

“வாங்க அண்ணே. வண்டிய மாத்திட்டீங்களா?”

“வண்டி அதேதான். முன்னங்காலை மாத்திட்டேன்.”

“காலை மாத்தினா குதிக்காதோ?”

“நீங்களே ஏறிப் பாருங்க சம்பந்தியம்மா. ஒரு சுத்து. அதுக்கப்புறம் நீங்க சொல்லுததுதான் தீர்ப்பு.”

பாத்திமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உரலையும் உலக்கையையும் எடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“நான் பாட்டுக்கு இடிச்சிக்கிட்டு வருவேன். பெருவிரல்ல ஒரு அடி விழுந்தாலும் சரி, ஒங்க மக இந்த வண்டியில ஏற மாட்டா.”

இப்படி ஒரு பரீட்சை எந்தக் காருக்கும் வந்திருக்காது. ஷம்சுல் ஆலம் ஊரின் மோசமான தெருவாகப் பார்த்து வண்டியை விட்டார். உப்பு வண்டிகள் உழுது போட்ட பாதையில் கண்மாய்க் கரைவரை போனார், திரும்பினார். பின்னால் உலக்கைச் சத்தம் டொக் டொக்கென்று ஒரே தாளமாக வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் எங்கே தப்பிவிடுமோ என்று மனிதருக்கு மூச்சே ஓடவில்லை.

வாசலில் வண்டி நின்றது. பாத்திமுத்து இடித்ததை வாயில் போட்டுக்கொண்டு, பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

“தப்பிச்சிட்டு” என்றாள்.

ஷம்சுல் ஆலத்துக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. “அப்ப ஜரினாவைத் துணிமணி எடுத்துவைக்கச் சொல்லுங்க. வெயில் தாழக் கெளம்பினா இருட்டுமுன்னே போயிருவோம்.”

ஜெயித்தவரைப் பார்க்கிற பார்வை பாத்திமுத்துவிடம் இல்லை. வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

“ஏட்டி ஜரினா, இங்கன வா. இனி நீயாச்சு, ஒன் வாப்பாவாச்சு. என்னால ஆன மட்டும் பார்த்துட்டேன்.”

ஜரினா நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கன்னம் பூரித்திருந்தது. வாப்பாவைப் பார்த்துச் சிரித்தாள், காரைப் பார்த்ததும் சிரிப்பைக் குறைத்துக்கொண்டாள்.

“வாப்பா, என்னையும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க. கண்மாய் வரைக்கும்.”

பின்கதவைத் திறந்து தலையணையைத் தட்டி வைத்தார். அவள் அங்கே ஏறவில்லை. முன்கதவைத் திறந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கார் அலுங்காமல் போனது. அவர்தான் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். மதுரையில் அலைந்தது, விளக்கெண்ணெய் ஊற்றியது, கோபாலசாமி ஸ்பிரிங்கை முடுக்கியது எல்லாம் சொன்னார். மூட்டைகளை மட்டும் சொல்லவில்லை. ஜரினா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

“பாத்தியா, துளி ஆட்டம் இருக்கா?”

“இல்ல வாப்பா.”

“மூணு வாரம் ஆச்சு. ஒங்க மாமி அன்னைக்கு அப்படிச் சொல்லலேன்னா நான் கவனிச்சிருக்கவே மாட்டேன்.”

“மாமி சொல்லல வாப்பா” என்றாள் ஜரினா. “நான்தான் சொல்லச் சொன்னேன்.”

கண்மாய் மடைக்குப் பக்கத்தில் கார் தானாக வேகம் குறைந்தது.

“எனக்கு வர மனசில்ல. அதை ஒங்க மொகத்தைப் பார்த்துச் சொல்ல முடியல. காரு மேல பழியைப் போட்டுருங்க மாமின்னு காலைப் பிடிச்சேன். நீங்க காரைப் போயி இப்படிச் சரிபண்ணுவீங்கன்னு நெனைக்கல.”

ஷம்சுல் ஆலம் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

“ஏம்மா? வீட்டை வெள்ளையடிச்சிட்டேன். வெயிலம்மா வந்து சமைச்சுத் தாரேன்னிருக்கா...”

“உம்மா போன பொறவு எட்டு மாசம் அந்த வீட்டுல நான் இருந்தேன் வாப்பா. நீங்க விடியுமுன்னே போவீங்க. இருட்டினப்புறம் வருவீங்க. வந்தாலும் வண்டியைத் தொடச்சிக்கிட்டு வாசல்லயே நிப்பீங்க. உள்ள நான் ஒருத்தி இருந்தேன். ஒரு சொம்பு கீழ விழுந்தாக்கூட, விழட்டும்னு விட்டுட்டு நிப்பேன். அதாச்சும் சத்தம் போடுதேன்னு.”

அவர் ஸ்டியரிங்கை ஒடித்து ஒரு பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

“இங்கன மாமி விடிஞ்சதுலருந்து திட்டும். கோழியைத் திட்டும், என்னைத் திட்டும், பெத்த மகனத் திட்டும். அந்தச் சத்தம் காதுல விழுந்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது. உம்மா கண்ணை மூடின அந்த அறையில என்னால படுக்க முடியாது வாப்பா. வெள்ளையடிச்சா போயிருமா அது?”

பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்துவிட்டது. இடது பக்கம் போனால் விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி. வலது பக்கம் கரையைச் சுற்றிக்கொண்டு குளத்தூருக்கே திரும்பும்.

ஷம்சுல் ஆலம் அங்கே காரை நிறுத்தினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

மகள் பக்கத்தில் இருக்கிறாள். வண்டி நன்றாக இருக்கிறது. டாங்கியில் பெட்ரோல் இருக்கிறது. பெற்ற தகப்பன் இடது பக்கம் ஒடித்து ஓட்டிக்கொண்டு போனால் ஊரில் யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. வழக்கம் அவர் பக்கம் இருந்தது. ஜரினாவும் எதிர்த்துப் பேசுகிற பெண் இல்லை. இரண்டு நாள் அழுவாள், பிறகு அடங்கிவிடுவாள். நாலு மாதம் அந்த வீட்டில் விளக்கு எரியும், வளையல் சத்தம் கேட்கும். ‘வாப்பா’ என்று கூப்பிட ஒரு குரல் இருக்கும்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் எந்தப் பக்கம் திருப்புவார் என்று அவளுக்கும் தெரியவில்லை. அது அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் வெட்கமாக இருந்தது.

வலது பக்கம் திருப்பினார்.

கொஞ்ச தூரம் போன பிறகு ஜரினா அழுதாள். “கோவமா வாப்பா?”

“கோவம் என்னத்துக்கு? எனக்கும் அந்த வீட்டுல இருக்க முடியலம்மா. அதனாலதான் வண்டியே கதின்னு கெடந்தேன். உள்ள நீ இருந்ததை மறந்துட்டேன் பாரு. அது என் தப்பு.”

“எனக்குத் தெரியும் வாப்பா. நீங்க எதுக்கு வெளிய நின்னீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

தெரிந்துமா எட்டு மாதம் ஒன்றும் பேசாமல் இருந்தாள்? பேசியிருக்கலாம். இரண்டு பேரும் ஒரே துக்கத்தை ஆளுக்கு ஒரு மூலையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இனி அதைப் பற்றிப் பேசி ஆவதற்கு ஒன்றுமில்லை.

வாசலில் பாத்திமுத்து இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணே” என்று மட்டும் சொன்னாள். மீன் குழம்பும் சோறும் போட்டாள். சாப்பாட்டு நேரம் முழுக்க உள்ளே நுழைந்த கோழியையும், பக்கத்து வீட்டு ஆட்டையும், வீட்டுக்கு வராத மகனையும் திட்டித் தீர்த்தாள். ஷம்சுல் ஆலத்துக்கு மகள் சொன்னது விளங்கியது. அந்தக் கூச்சலில் சாப்பிட்ட சோறு, ரொம்ப நாளைக்குப் பிறகு, வயிற்றில் தங்கியது.

சேவையும் கடலை மிட்டாயையும் ஜரினாவிடம் கொடுத்தார். தலையணைகளையும் கொடுத்துவிட்டார். “ஒன் இடுப்புக்கு வச்சுக்கோ.”

கிளம்பும்போது ஜரினாவை உள்ளே தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டுப் பாத்திமுத்து கார் ஜன்னலுக்கு வந்தாள். முதல் தடவையாக அவள் குரல் தணிந்திருந்தது.

“ஒண்ணு சொல்லுதேன் அண்ணே. அவகிட்ட சொல்லல. எம் மகன்கிட்டயும் சொல்லல. திங்கக்கெழமை நர்ஸம்மா வந்து பார்த்தா. பிள்ளை தலை கீழ திரும்பாம, மேலயே இருக்காம்.”

ஷம்சுல் ஆலத்தின் கை கியர்த்தடியிலேயே நின்றுவிட்டது.

“இன்னும் நாள் இருக்கு, திரும்பினாலும் திரும்பிரும்னு சொல்லுதா. திரும்பலேன்னா வீட்டுல வச்சுப் பார்க்கக் கூடாது, தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரணும்னு சொல்லிட்டா. நாளுக்கு முந்தி வலி கண்டாலும் அதேதான். இந்த ஊருல காரு ஏது? மாட்டு வண்டியில வச்சு அந்த ரோட்டுல ஆட்டிக்கிட்டுப் போக முடியுமா?”

“நான் இங்கனயே...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். சம்பந்தி வீடு. அவளோ கணவன் இல்லாதவள். அவரோ மனைவியை இழந்தவர். முத்து முகம்மது பகலெல்லாம் உப்பளத்தில். ஒரு நாள் தங்கினாலே ஊர் வாயைத் திறக்கும்.

பாத்திமுத்துவுக்கும் அது தெரிந்தது. “நான் தந்தி குடுப்பேன். ஒங்க வீட்டு விலாசம் எங்கிட்ட இருக்கு. தந்தியைக் கண்ட நிமிசம் நீங்க வண்டியை எடுக்கணும். ராத்திரியோ பகலோ. நான் பார்த்துட்டேன், இந்த வண்டி என் மருமகளை அலுங்காமக் கொண்டுபோகும்.”

ஜரினா தண்ணீர்ச் செம்போடு வந்தாள். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவர் தண்ணீரைக் குடித்தார். அவள் வயிற்றைப் பார்க்கக்கூடாது என்று வேறு பக்கம் பார்த்தார்.

“வாரேன்மா.”

“அடுத்த வாரம் வருவீங்களா வாப்பா?”

“வாரேன்.”

திரும்பி வந்த முப்பது மைலும் வண்டி நன்றாகத்தான் ஓடியது. எந்தப் பள்ளத்திலும் குதிக்கவில்லை. ஒரு கடகடப்பாவது இருந்தால் அதைக் கேட்டுக்கொண்டு வந்திருப்பார். காற்று மட்டும் ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது. நர்ஸம்மா சொன்னதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆள் இல்லை. தௌலத் பேகம் இருந்திருந்தால் இந்நேரம் தலை முட்டாக்கைச் சரிசெய்துகொண்டு, ‘எல்லாம் திரும்பிரும், ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க’ என்று அதட்டியிருப்பாள்.

கோவில்பட்டிக்குள் நுழையும்போது வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. பழக்க தோஷத்தில் கார் ரயில் நிலையத்து வாசலுக்கே போய் நின்றது. இந்த நேரத்தில் அவர் வீட்டுக்குப் போனதே இல்லை.

நின்றதும் நிற்காததுமாகப் பருத்தித் தரகர் சங்கிலிப்பாண்டி ஓடி வந்தார். கையில் தோல் பை, முகமெல்லாம் வேர்வை.

“பாய், நல்ல நேரத்துல வந்தீங்க. ரயிலை விட்டுட்டேன். மணியாச்சியில போயிப் பிடிச்சிரலாம். சட்டுனு எடுங்க, கேட்டதைத் தாரேன்.”

“இல்ல அண்ணாச்சி. தூரம் போறதில்ல.”

“என்னது? நேத்து வரைக்கும் மதுரைன்னாலும் போவீங்க!”

“ரெண்டு மாசத்துக்கு வாடகைக்கு ஊர் எல்லை தாண்டுறதா இல்ல. வேற வண்டி பாத்துக்கிடுங்க.”

சங்கிலிப்பாண்டி காரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். குனிந்து முன்சக்கரத்தைக்கூடப் பார்த்தார்.

“மூணு வாரமா ஒழைச்சீங்களே பாய். வண்டி சரியாகலையா?”

“வண்டி நல்லாத்தான் இருக்கு.”

“பொறவு என்ன?”

“வீட்டுக்குப் போகணும் அண்ணாச்சி” என்றார் ஷம்சுல் ஆலம். “தந்தி ஒண்ணு வரும். வந்தா, அதை வாங்க வீட்டுல ஆள் இருக்கணும்லா.”